வகை 1-க்கான ஹெர்பெஸ் எதிர்ப்பொருள் வகை 2-இலும் ஒளிர்கிறது: குப்பி பழுதா, என் சோதனை பழுதா?

தரமணி_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரமணிப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் வகை 1, வகை 2 ஆகிய இரண்டையும் செல் வளர்ப்பில் பிரித்தறிவதே என் வேலையின் முதல் படி. அதற்காக ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்று இப்போது என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

செய்தது இதுதான். எட்டுக் குழி ஸ்லைடில் வீரோ செல்களை (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வளர்ப்புச் செல்கள்) வளர்த்து, சில குழிகளில் வகை 1-இன் கேஓஎஸ் ஸ்ட்ரெயினையும், சில குழிகளில் வகை 2-இன் ஜி ஸ்ட்ரெயினையும், பத்துச் செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் சேர்த்தேன். 24 மணி நேரம் கழித்துக் குளிர்ந்த அசிட்டோனில் பத்து நிமிடம் வைத்து உலர்த்தினேன். முயலில் தயாரித்த, வகை 1-க்கு எதிரானது என்று குப்பியில் அச்சிடப்பட்ட பாலிகுளோனல் எதிர்ப்பொருளை (பல இலக்குகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கலவை) 1:100 அளவில் நீர்த்து இட்டேன்; அதன் மேல், முயலின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகையைப் பிடிக்கும், எஃப்ஐடிசி என்ற பச்சை ஒளிர்சாயம் இணைத்த ஆட்டு எதிர்ப்பொருளை இட்டேன்.

வகை 1 குழி நன்றாக ஒளிர்ந்தது. வகை 2 குழியும் ஏறத்தாழ அதே அளவுக்கு ஒளிர்ந்தது. இதைவிட என்னைக் குழப்பியது மூன்றாவது செய்தி: வகை 1 தொற்றிய குழியில், தடுப்பூட்டப்படாத சாதாரண முயலின் ஐஜிஜியை மட்டும் இட்டபோதும், செல்களின் ஓரங்களில் மங்கலான பச்சை ஒளி தெரிந்தது. அதே ஐஜிஜியைத் தொற்றில்லாத செல்களில் இட்டால் இருட்டாகவே இருக்கிறது. மூன்று முறை திரும்பச் செய்தும் இதே முடிவுதான்.

விநியோகஸ்தரிடம் கேட்டதற்கு, நாங்கள் குளிர்பதனத்தில் சரியாக வைக்கவில்லை என்று பதில் வந்தது. நெறியாளரோ வேறு குப்பி வாங்கலாம் என்கிறார். வாங்குவதற்கு முன் என்ன வாங்குவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த கட்டமாக ஒரு கண் மருத்துவமனையிலிருந்து கருவிழிச் சுரண்டல் மாதிரிகளும் வர இருக்கின்றன. அதற்குள் இந்தச் சிக்கல் தீர வேண்டும்.

ஓய்வுபெற்ற_வைரஸ்காரன் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் குப்பி கெட்டுப்போயிருந்தால் வகை 1 குழியே ஒளிர்ந்திருக்காது. எனவே குளிர்பதனத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிடலாம். பழுது எங்கே என்றால், குப்பியின் மேல் ஒட்டிய பெயரை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. வகை 1-க்கு எதிரானது என்றால் வகை 1-ஐ மட்டுமே அறியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்; தயாரிப்பாளர் சொல்லியிருப்பதோ, முயலுக்குள் ஏற்றியது வகை 1 என்பதை மட்டுமே. சாதகத்தை மட்டும் பார்த்துப் பெண் கொடுத்த கதை இது.

இரு வைரஸ்களும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை நினைவில் கொள்ளுங்கள். வகை 1-இன் டிஎன்ஏ ஏறத்தாழ 1,52,000 கார இணைகள் நீளமுடையது; வகை 2-இன் டிஎன்ஏ ஏறத்தாழ 1,55,000. புரதங்களை உருவாக்கும் பகுதிகளில் இரண்டும் நூற்றுக்கு 83 பங்கு ஒத்தவை. தொற்றிய செல்களை அரைத்து முயலுக்கு ஏற்றினால், முயலின் உடல் எது மிகுதியாக இருக்கிறதோ அதற்கே மிகுதியாக எதிர்ப்பொருள் செய்யும்: உறையில் உள்ள கிளைக்கோபுரதங்கள் (சர்க்கரை இணைந்த புரதங்கள்) பி, டி ஆகியவை, கூட்டின் முதன்மைப் புரதமான விபி-5, டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் ஐசிபி-8. இவை யாவும் இரு வகைகளுக்கும் பெரும்பாலும் பொதுவானவை. ஆகையால் உங்கள் வகை 2 குழி ஒளிர்ந்ததில் வியப்பில்லை. ஒளிராமல் இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

பிரித்தறிய வேண்டுமானால் கிளைக்கோபுரதம் ஜியிடம்தான் போக வேண்டும். வகை 1-இல் இது 238 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். வகை 2-இல் 699 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். வகை 2-இல் உள்ள ஒரு நீண்ட பகுதி வகை 1-இல் அறவே கிடையாது. இரத்தப் பரிசோதனையில் வகை பிரிக்கும் எலிசா (தட்டில் புரதத்தை ஒட்டிவைத்து எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) கருவிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. வகை 1-ஐ மட்டும் அறிவதற்குக் கிளைக்கோபுரதம் சியின் மேல் தயாரித்த மோனோகுளோனல்களும் (ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள்) உண்டு.

இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வகை 2-இன் கிளைக்கோபுரதம் ஜி, செல்லுக்குள் உருவான பிறகு இரண்டாக வெட்டப்படுகிறது. முன்பகுதி செல்லைவிட்டு வெளியேறி வளர்ப்பு ஊடகத்தில் கலந்துவிடும். சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த பின்பகுதி மட்டுமே சவ்வில் தங்கும். நீங்கள் வாங்கும் எதிர்ப்பொருள் வெளியேறும் பகுதியைப் பிடிப்பதாக இருந்தால், ஸ்லைடைக் கழுவும்போது உங்கள் ஆன்டிஜெனில், அதாவது எதிர்ப்பொருள் பிடிக்க வேண்டிய பொருளில், பெரும்பகுதியைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சவ்வில் தங்கும் பகுதியைப் பிடிக்கும் மோனோகுளோனல் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அரிதாகச் சில நோயாளிகளிடமிருந்து, கிளைக்கோபுரதம் ஜியையே செய்யாத வகை 2 வைரஸ்களும் கிடைத்திருக்கின்றன. எனவே வகை 2-க்கான எதிர்ப்பொருளில் ஒளிரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு மாதிரியை வகை 1 என்று எழுதிவிடக் கூடாது. பொதுவான ஆன்டிஜெனுக்கு ஒன்று, வகை 1-க்கு ஒன்று, வகை 2-க்கு ஒன்று என மூன்று மோனோகுளோனல்களை அருகருகே இடுங்கள். பொதுவானதும் வகை 1-உம் ஒளிர்ந்து வகை 2 இருண்டிருந்தால் மட்டுமே வகை 1 என்று எழுதலாம்.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் முறையைக் கண்டறிந்த பிறகும், அந்தக் குப்பிகள் நம் கைக்கு வர வெகு காலம் ஆனது. அதுவரை முயல் சீரத்தை (எதிர்ப்பொருள்கள் உள்ள இரத்தத் தெளிநீர்) வகை 2 தொற்றிய செல்களின் அரைப்போடு கலந்து, பொதுவானவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எஞ்சியதைப் பயன்படுத்துவோம். சீரத்தின் வீரியத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அந்த வழிக்கு நீங்கள் போக வேண்டாம்.

மூன்றாவது குழியின் மங்கல் ஒளியைப் பொறுத்தவரை, பிளாக்கிங், அதாவது எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாதபடி முன்கூட்டியே மூடிவைப்பது, போதவில்லை என்று நினைக்கிறேன். மனித சீரத்தைப் பத்து விழுக்காடு சேர்த்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

செல்லறைக்காரி எழுதியது:

மேலே ஐயா எழுதிய முதல் பகுதி முழுவதையும் ஏற்கிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபட அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் தோழியின் கேள்வியில் சுவையான பகுதியே அந்த மூன்றாவது குழிதான்.

பிளாக்கிங் குறைவாக இருந்தால் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டும். தொற்றிய செல், தொற்றாத செல் என்று பார்க்காது. இங்கே தொற்றில்லாத செல்கள் இருட்டாக இருக்கின்றன. அப்படியானால் ஒட்டும் பொருளைக் கொண்டுவந்தது வைரஸ்தான். அது எது என்பதும் நமக்குத் தெரியும்.

ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் தான் தொற்றிய செல்லின் மேற்பரப்பில் கிளைக்கோபுரதம் ஈ, கிளைக்கோபுரதம் ஐ ஆகிய இரண்டையும் இணையாக நிறுத்துகிறது. இந்த இணை ஐஜிஜி எதிர்ப்பொருளின் வால் பகுதியை, அதாவது எஃப்சி பகுதியை, கவ்விப் பிடிக்கும். உடலுக்குள் இது வைரஸின் தற்காப்பு. எதிர்ப்பொருள் தன் கைகளால் வைரஸின் ஆன்டிஜெனைப் பிடித்தாலும், அதன் வாலை வைரஸ் பிடித்துக்கொள்வதால், அந்த வாலைக் கொண்டு, கிருமியை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் விழுங்கு செல்களையும் அழைக்கும் வேலை நடப்பதில்லை. கடிக்க வந்த பாம்பின் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது போன்ற வேலை. உங்கள் ஸ்லைடிலும் அதுவே நடக்கிறது: அந்த முயல் ஐஜிஜிக்கு ஹெர்பெஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அதன் வாலை வைரஸ் பிடித்துக்கொள்கிறது, நீங்கள் இட்ட ஆட்டு எதிர்ப்பொருள் அந்த முயல் ஐஜிஜியைத் தேடிப்போய் ஒளிர்கிறது. செல்களின் ஓரங்களில் ஒளி தெரிவதும் இதனோடு பொருந்துகிறது, ஏனெனில் அந்த இணை இருப்பது சவ்வில்.

எல்லா விலங்குகளின் ஐஜிஜியையும் இந்த வைரஸ் ஒரே மாதிரி பிடிப்பதில்லை என்பதுதான் நமக்கு வாய்த்த நல்ல காலம். மனித ஐஜிஜியையும் முயல் ஐஜிஜியையும் பிடிக்கும். எலியின் ஐஜிஜியை, அதாவது மோனோகுளோனல்கள் செய்யப் பயன்படும் சுண்டெலியின் ஐஜிஜியை, பிடிப்பதில்லை. எனவே ஐயா சொன்ன மூன்று சுண்டெலி மோனோகுளோனல்களுக்கு நீங்கள் மாறினால், வகை பிரிக்கும் சிக்கலும் வால் சிக்கலும் ஒரே கல்லில் விழும். முயல் எதிர்ப்பொருளைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், பெப்சின் நொதியால் வாலை வெட்டி நீக்கிய துண்டுகளாக விற்பதை வாங்குங்கள். பிடிக்க வால் இருக்காது. இரண்டாம் எதிர்ப்பொருளும் ஓர் ஐஜிஜி என்பதை மறக்க வேண்டாம். அதையும் வால் நீக்கியதாக வாங்குவது நல்லது. முதல் எதிர்ப்பொருள் இல்லாமல் அதை மட்டும் இட்ட, தொற்றிய குழி ஒன்று ஒவ்வொரு ஸ்லைடிலும் இருக்கட்டும்.

இனி மனித சீரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, 50 வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் நூற்றுக்கு 67 பேரிடம் வகை 1 தொற்று இருக்கிறது. பலரிடமிருந்து சேர்த்த சாதாரண மனித சீரம் என்று நாம் வாங்கும் புட்டியில் ஹெர்பெஸ் எதிர்ப்பொருள் இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதை பிளாக்கிங்குக்கு ஊற்றினால், வாலை மூடுவதோடு நில்லாமல், நீங்கள் தேடும் கிளைக்கோபுரதங்களின் மேலும் அது முன்னதாகவே உட்கார்ந்துகொள்ளும். ஒளி குறையும், பிளாக்கிங் வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவோம். பந்திக்கு முந்தியவர் யாரென்று பார்க்காமல் இலை எண்ணியது போலாகும். நான் இதைச் செய்து ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன் என்பதால் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சோதனையாக நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொற்றிய இரு குழிகளில் ஒன்றில் சாதாரண முயல் ஐஜிஜியையும், மற்றொன்றில் சாதாரண சுண்டெலி ஐஜிஜியையும், ஒரே செறிவில் இடுங்கள். அவற்றுக்குரிய இரண்டாம் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே இடுங்கள். முயல் குழி ஒளிர்ந்து சுண்டெலிக் குழி இருண்டால் வேறு சான்று தேவையில்லை. செறிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். 1:100 என்ற நீர்த்தல் கணக்கு இரு குப்பிகளுக்கும் ஒரே செறிவைத் தராது, ஆகையால் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுங்கள்.

ஓய்வுபெற்ற_வைரஸ்காரன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். தொற்றில்லாத குழி இருண்டிருந்ததைப் படித்தும் அதன் பொருளை விட்டுவிட்டேன். மனித சீரம் பற்றிய என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். விநியோகஸ்தரிடம், எந்தப் புரதத்தைப் பிடிக்கும் என்று கேட்பதோடு, எந்த முறையில் சோதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கிளைக்கோபுரதம் டியில் மூன்று இருகந்தகப் பிணைப்புகள் உள்ளன; அவை தரும் மடிப்பை நம்பிப் பிடிக்கும் மோனோகுளோனல் அசிட்டோன் ஸ்லைடில் பளிச்சென்று ஒளிரும், ஆனால் அதே மாதிரியை மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ்ஸிலும் மெர்காப்டோ எத்தனாலிலும் கொதிக்கவைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் தேடும் முறை) செய்தால் ஒரு கோடும் விழாது. மடிப்பை நம்பாமல் அமினோ அமிலங்களின் நேர் வரிசையைப் பிடிக்கும் மோனோகுளோனல் இதற்கு மாறாக நடந்துகொள்ளலாம். ஃபார்மலினில் இட்டு மெழுகில் பதித்த திசு வேறொரு கணக்கு: அங்கே சிட்ரேட் கரைசலில் சூடாக்கி ஆன்டிஜெனை மீட்க வேண்டியிருக்கும். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ஏற்றது என்று மட்டும் குறிப்பிட்ட குப்பியை ஸ்லைடுக்கு வாங்கிவிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

வடசென்னை_நுட்பநர் எழுதியது:

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன், ஆய்வாளன் அல்லன். கருவிழிச் சுரண்டல் மாதிரிகள் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வளர்ப்பு செல்லில் வந்த குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் அங்கே காத்திருக்கிறது.

கண் மருத்துவர் கருவிழிப் புண்ணைப் பார்ப்பதற்கு முதலில் ஃபுளூரசின் சாயத்தைச் சொட்டுவார். மரக்கிளை போலப் பிரிந்த புண் அந்தச் சாயத்தில்தான் தெளிவாகத் தெரியும். அந்தச் சாயத்தோடு சுரண்டி எடுத்த மாதிரியை நீங்கள் ஸ்லைடில் வைத்தால், எஃப்ஐடிசியும் அதே ஃபுளூரசினின் உறவு என்பதால், எதிர்ப்பொருளை இடுவதற்கு முன்பே ஸ்லைடு பச்சையாக ஒளிரும். எல்லா நோயாளிகளுக்கும் ஹெர்பெஸ் என்று அறிக்கை போய்விடும். சாயம் சொட்டுவதற்கு முன்பே சுரண்டி எடுக்குமாறு மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரோஸ் பெங்கால் என்ற மற்றொரு சாயம் இதற்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: அது வைரஸையே அழிக்கக்கூடியது, டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனையையும் கெடுக்கக்கூடியது. அது சொட்டிய கண்ணிலிருந்து வைரஸ் வளரவில்லை என்றால் அதற்குப் பொருளே இல்லை. மாதிரி விண்ணப்பத் தாளில், என்ன சாயம், எப்போது என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள். அந்த ஒரு வரி எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது, செல் இருக்க வேண்டும். எதிர்ப்பொருள் பிடிப்பது செல்லுக்குள்ளும் செல்லின் மேலும் உள்ள ஆன்டிஜெனை. கண்ணீரையோ கொப்புள நீரையோ மட்டும் ஸ்லைடில் தடவி அனுப்பினால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. புண்ணின் ஓரத்தையும், தோலானால் கொப்புளத்தைத் திறந்து அதன் அடித்தளத்தையும் சுரண்ட வேண்டும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் எபிதீலிய செல்களை எண்ணுங்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே செல்கள் இருந்தால், நெகட்டிவ் என்று எழுதாமல், மாதிரி போதவில்லை என்று எழுதுங்கள். ஈவான்ஸ் நீலம் சேர்த்தால் தொற்றில்லாத செல்கள் செங்கல் நிறத்தில் தெரியும். சளியும் சீழ்ச் செல்களும் தாமாகவே மினுக்குவது அடங்கும்.

தோல் மாதிரிகளும் பின்னால் வந்தால், ஸ்லைடில் ஒரு குழியை அக்கி வைரஸுக்கு, அதாவது வேரிசெல்லா சோஸ்டருக்கு, ஒதுக்குங்கள். நம் ஊரில் கொப்புளமாக எது வந்தாலும் அக்கி என்றுதான் பெயர். குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்ட பிறகே மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. காவி படிந்த தோலைத் துடைக்காமல் சுரண்டிய மாதிரி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஸ்லைடு முழுவதும் துகள்.

பிசிஆர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். உணர்திறனில் பிசிஆரை இந்த ஸ்லைடு எட்டாது என்பது உண்மை. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் நுண்ணுயிரியல் ஆய்வு மையம் போன்ற இடங்கள் கண் தொற்றுகளுக்குப் பிசிஆரை நெடுங்காலமாகக் கையாண்டுவருகின்றன. எனினும் ஒளிர்சாயத்தை முதல் எதிர்ப்பொருளிலேயே இணைத்த நேரடி ஒளிர்வு முறையில் ஸ்லைடு வந்த இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். எந்தச் செல்லில் வைரஸ் இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். வெறிநாய்க்கடி நோயை மூளைத் திசுவில் கண்டறிய உலகெங்கும் நம்பப்படுவதும் இதே ஒளிர்வு முறைதான். முறை பழையது, கெட்டுப்போகவில்லை.

பல்லாவரம்_வாசகர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரத்தத்தில் ஹெர்பெஸ் எதிர்ப்பொருள் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. நீங்கள் இங்கே பேசும் எதிர்ப்பொருளும் அதுவும் ஒன்றா?

மந்தைவெளி_மருத்துவர் எழுதியது:

ஒன்றல்ல; திசை வேறு. இங்கே பேசப்படுவது, குப்பியில் வாங்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு மாதிரியில் உள்ள வைரஸைத் தேடுவது. உங்கள் நண்பருக்குச் செய்தது, வைரஸின் புரதத்தைத் தட்டில் ஒட்டிவைத்து, அவர் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைத் தேடுவது. முன்னது இப்போது இந்த இடத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும். பின்னது வாழ்நாளில் எப்போதாவது தொற்றியதா என்று மட்டுமே சொல்லும்.

அறிக்கையில் இருப்பது ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் எதிர்ப்பொருள் வகை) என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது வகையையும் பிரிக்காது, புதிய தொற்றையும் பழைய தொற்று மீண்டும் எழுவதையும் பிரிக்காது. கிளைக்கோபுரதம் ஜியை அடிப்படையாகக் கொண்ட ஐஜிஜி என்றால் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல், வகை 2-க்கான எலிசாவில் குறியீட்டெண் 3-க்குக் கீழ் வரும் பாசிட்டிவ் முடிவுகளை வேறொரு முறையால் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. எலிசாவில் வந்ததை வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதி செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தபோதும் அப்படித்தான் உறுதி செய்தார்கள். தொற்று ஏற்பட்டதாகக் கருதும் நாளிலிருந்து 12 வாரம் ஆகாமல் வந்த நெகட்டிவையும் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். நண்பரை ஒரு தோல் அல்லது பால்வினை நோய் மருத்துவரிடம் நேரில் போகச் சொல்லுங்கள்.

மாணவிக்கும் ஒரு வரி: மூளைக்காய்ச்சல் ஐயத்தில் தண்டுவட நீர் வந்தால், அதை உங்கள் ஸ்லைடு முறைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் செல்லும் குறைவு, ஆன்டிஜெனும் குறைவு. அது பிசிஆருக்கு உரியது. அங்கே முடிவு வரும் வரை காத்திராமல் அசைக்ளோவிரைத் தொடங்கிவிடுவார்கள்.

தரமணி_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, ஏனெனில் செய்து பார்த்துவிட்டு எழுத விரும்பினேன்.

அக்கா சொன்ன சோதனையைச் செய்தேன். இரு ஐஜிஜிகளையும் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற ஒரே செறிவில் இட்டேன். வகை 1 தொற்றிய குழியில் முயல் ஐஜிஜி முன்போலவே ஓரங்களில் ஒளிர்ந்தது. சுண்டெலி ஐஜிஜி முற்றிலும் இருட்டு. இரண்டாம் எதிர்ப்பொருளை மட்டும் இட்ட குழிகள் இரண்டும் இருட்டு. பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய, கிளைக்கோபுரதம் டிக்கான சுண்டெலி மோனோகுளோனலை இட்டபோது, ஐயா எழுதியபடியே வகை 1, வகை 2 இரண்டும் ஒளிர்ந்தன. பின்புலம் சுத்தமாக இருந்தது. அதையே 1:50-லிருந்து இரட்டிப்பு முறையில் 1:1600 வரை நீர்த்துப் பார்த்ததில், 1:400 வரை ஒளி குறையவில்லை. இத்தனை நாள் நான் முயல் எதிர்ப்பொருளையும் இப்படி நீர்த்துப் பார்க்காமல், தாளில் இருந்த 1:100-ஐ அப்படியே எடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விநியோகஸ்தருக்கு மீண்டும் எழுதினேன், இம்முறை சண்டையாக அல்ல. வகை 2-இன் கிளைக்கோபுரதம் ஜியில் எந்தப் பகுதியைப் பிடிக்கும், எந்த முறையில் சோதிக்கப்பட்டது, வகை 1 தொற்றிய செல்களில் இட்டுப் பார்த்த படம் இருக்கிறதா, கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். முதல் மூன்றுக்கும் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. நான்காவதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: அசைடு உண்டு.

செல்லறைக்காரி எழுதியது:

அசைடைக் கேட்டது நல்ல கேள்வி. ஸ்லைடு வேலைக்கு அதனால் கேடில்லை. பின்னால் இதே மோனோகுளோனலைக் கொண்டு வைரஸை முடக்கும் நியூட்ரலைசேஷன் சோதனை செய்ய நினைத்தால், அசைடு வீரோ செல்களைக் கொன்றுவிடும். வைரஸ் வளரவில்லை என்று தவறாகப் படித்துவிடுவீர்கள். குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் இணைத்த முறைக்கு மாறினாலும் அசைடு அந்த நொதியை முடக்கும். அந்த வேலைகளுக்கு அசைடு இல்லாத குப்பியைத் தனியாகக் கேளுங்கள்.

குப்பி வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து, தேதியிட்டு வையுங்கள். ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். தானாகப் பனி நீக்கும் வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். அது பனி நீக்குவதற்காக அவ்வப்போது சூடேறும், உங்கள் எதிர்ப்பொருளும் அதோடு உருகி உறையும். டிசம்பர் மழையில் மின்சாரம் போகும் நாட்களுக்கு ஜெனரேட்டர் இணைப்புள்ள ஃப்ரீசர் எது என்று இப்போதே கேட்டு, அதில் ஒரு தட்டுக்கு உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

தரமணி_மாணவி எழுதியது:

எழுதி ஒட்டிவிட்டேன், அக்கா. கண் மருத்துவமனையின் விண்ணப்பத் தாளிலும் சாயத்துக்கான வரி சேர்ந்துவிட்டது. தயாரிப்பாளரிடமிருந்து படம் வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.